அம்மாவுடையது எந்த மறதி

அம்மாவை ஆமத்தூருக்குப் பாதை பிரியும் விலக்கில் கண்டுபிடித்தார்கள். அவள் காணாமல் போனதே எனக்குத் தெரியாது. சிவகாசியில் நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஆசைப்பட்டபடி காலண்டர் முருகனின் கிரீடத்தில் இன்னும் கொஞ்சம் மஞ்சள் ஏற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் போன் வந்தது.

"ஏக்கா, உங்க அம்மா இங்கன ஆமத்தூர் முக்குல நிக்காக. கையில தூக்குச்சட்டி வச்சிருக்காக. வேலைக்கு நேரமாச்சுங்காக. என்ன கேட்டாலும் பதில் சொல்ல மாட்டேங்காக. கொஞ்சம் வெரசா வாங்க."

பேசியவள் ஒரு காலத்தில் அம்மாவோடு காலண்டர் பைண்டிங்கில் வேலை பார்த்தவள். இப்போது பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறாள். ஆட்டோ பிடித்துப் போனேன். அம்மா விலக்கில் புளியமர நிழலில் முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீ எதுக்கு இந்த வெயில்ல வந்தே?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். அம்மாவுக்குக் காலையில் பைண்டிங்குக்குப் போக மினி பஸ் ஏற வேண்டும். அதே நிறுத்தத்துக்குப் பட்டாசு ஆலை வேன்களும் வரும். தீபாவளிக்கு முந்தைய சீசன், ஆள் கிடைக்காத நேரம். யார் ஏறினாலும் புது ஆள் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அம்மாவும் தவறான வண்டியில் ஏறி, இடம் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆலை வாசலில் வாட்ச்மேன், பட்டியலில் பெயரில்லை என்று இறக்கிவிட்டிருக்கிறார். திரும்பி வரும் வண்டி ஒன்றில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதில் பாதி வழியில் இறங்கிவிட்டாள். ஏன் இறங்கினாய் என்று கேட்டேன். யாரிடமாவது வழி கேட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அண்ணன் விருதுநகரிலிருந்து வந்தான். அங்கே வத்தல் மண்டி வைத்திருக்கிறான். அவன் வந்தால் சட்டையோடு சேர்ந்து மிளகாய் நெடியும் வீட்டுக்குள் வந்து எல்லாரையும் தும்ம வைக்கும். கையில் ஒரு பெரிய பூட்டு. வழியிலேயே கடையில் நிறுத்தி வாங்கியிருக்கிறான்.

"பாப்பா, நீ வேலைக்குப் போகும்போது கிரில் கேட்டைப் பூட்டிட்டுப் போயிரு. ரோட்டுல என்னென்ன லோடு வண்டி போகுதுன்னு உனக்கே தெரியும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊரு நம்ம முகத்துலதான் காறித் துப்பும்."

"முதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம்ணே."

"வயசானா மறதி வரத்தான் செய்யும். இதுக்கு எதுக்கு டாக்டரு?"

"வெறும் வயசுதான்னா பூட்டு எதுக்கு?" என்றேன்.

அண்ணன் தண்ணீர் குடித்தான். எனக்கு வாய் நீளம் என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். கல்யாணம் ஆகாமல் போனதற்குக்கூட அதையே காரணமாகச் சொல்வார்கள். ஆனால் அன்று நான் பேசியதற்குப் பலன் ஒன்றும் இல்லை. எனக்கும் பயம் இருந்தது. மறுநாள் பூட்டிவிட்டுத்தான் போனேன்.

அதற்கு முன்பே சில அடையாளங்கள் தென்பட்டிருந்தன. ரசத்தில் இரண்டு தடவை உப்பு. சொன்ன கதையையே சாப்பிட்டு முடிப்பதற்குள் மறுபடி சொல்வது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வது. நான் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது. இதையெல்லாம் நான் ஒரே மூட்டையாகக் கட்டி 'மறதி' என்று பெயர் வைத்துவிட்டேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள். கொஞ்சம் படித்தவர்கள் 'அல்சைமர்' என்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பூட்டிய வீட்டுக்குள் அம்மா என்ன செய்தாள் என்று எதிர்வீட்டு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர்கள் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு பாய்க்கு பஜாரில் பேப்பர் கடை. தினமும் பதினோரு மணிவாக்கில் அந்த அம்மா ஒரு டம்ளர் டீயைக் கம்பிக்கு இடையில் நீட்டுவார். அம்மா வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரை அதே வழியாகத் திருப்பிக் கொடுப்பாள்.

"உங்கம்மா ஒண்ணும் பேசுறதே இல்லம்மா," என்று அவர் என்னிடம் சொன்னார். "முன்னெல்லாம் என் மருமகளைப் பத்தி நான் ஒண்ணு சொன்னா அவுக ரெண்டு சொல்லுவாக. இப்ப டீயை மட்டும் வாங்கிக்கிறாக. எனக்கு மனசே கேக்கல."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அண்ணன்மேல், பூட்டின்மேல், தவறான வண்டியில் ஏறிய அம்மாமேல். கார்த்திகை பிறந்ததும் அண்ணனிடம் கேட்காமலே விருதுநகரில் ஒரு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கினேன். அன்று பிரஸ்ஸில் தலைபோகிற வேலை. லீவு கேட்டதற்கு முதலாளி, "இப்பவாம்மா?" என்று கேட்டார். "மறதி சீசன் பார்த்தா வருது?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டாக்டர் என்னைவிட இளையவர். மூக்குத்தி போட்ட பெண். உட்கார்ந்ததுமே என்னிடம், "நான் அம்மாகிட்டதான் கேப்பேன். நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது," என்றார். இதைவிடப் பெரிய தண்டனை எனக்குக் கொடுக்க முடியாது.

"அம்மா, இப்ப நாம எந்த ஊர்ல இருக்கோம்?"

"விருதுநகரு. எம் மகன் ஊரு. வத்தல் கமறுதே, உங்களுக்குத் தெரியலையா?"

டாக்டர் சிரித்துக்கொண்டார். "இப்ப என்ன வருஷம்?"

அம்மா யோசிக்கவே இல்லை. அடுத்த வருடத்தைச் சொன்னாள்.

"மாசம்?"

"மார்ச்சு."

டாக்டரின் பேனா தாளில் ஏதோ குறித்தது. அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "மேடம், அது தப்பில்ல, எங்க ஊர்ல அப்படித்தான்," என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் சொன்னேன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிட்டுவிடுவோம். அதற்கப்புறம் எங்களுக்கு நடப்பு வருடம் என்ற ஒன்று கிடையாது. நான் பேங்கில் செலான் எழுதினால் கை தானாக அடுத்த வருடத்தைப் போடும். கவுன்டரில் இருப்பவர் பார்த்துவிட்டு அவரே அடித்துத் திருத்துவார், கோபித்துக்கொள்ள மாட்டார். அம்மா இருபது வயதிலிருந்து தினசரி காலண்டருக்குத் தேதித் தாள் அடுக்கிச் சேர்க்கிறவள். கையில் மார்ச் மாதத் தாள் ஓடினால் அவளுக்கு அது மார்ச் மாதம்தான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அட, இது எனக்குத் தோணவே இல்லையே," என்று நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அம்மாவிடம் திரும்பி, "மார்ச்னு எப்படிம்மா சொல்றீங்க?" என்று கேட்டார்.

"நேத்து மார்ச்சுக் கட்டுதானே சேத்தோம்," என்றாள் அம்மா.

நான் ஜெயித்துவிட்ட மாதிரி டாக்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நேத்து வேலைக்குப் போனாங்களா?"

போகவில்லை. ஆவணியிலிருந்து போகவில்லை. நான்தான் பூட்டி வைத்திருக்கிறேனே. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

டாக்டர் வருடம் என்ற கேள்விக்கு நேராகப் போட்ட குறியை அடித்துவிட்டார். மாதத்துக்கு நேராகப் போட்டதை அப்படியே விட்டுவிட்டார்.

டாக்டர் மூன்று சாமான்களின் பெயரைச் சொல்லி, கொஞ்சம் கழித்துக் கேட்டார். அம்மாவுக்கு ஒன்றுதான் வந்தது. "சமையல்கட்டுல இருக்கிறது" என்று எடுத்துக் கொடுத்ததும் இன்னொன்று வந்தது. ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "வலது கையில வாங்கி, ரெண்டா மடிச்சு, தரையில வைங்க," என்றார். அம்மா வாங்கினாள். விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்தாள். மடிப்பின்மேல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தாள். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தரையில வைங்கம்மா."

"தரையிலயா?"

"ஆமா."

"தாளைக் காலடியில போடுற வழக்கம் எங்களுக்குக் கிடையாது தாயி. சாமிப் படம் அடிக்கிற கையி. போடணும்னா நீங்களே போட்டுக்கங்க." தாளைக் கண்ணில் ஒற்றி டாக்டரிடமே கொடுத்துவிட்டாள்.

டாக்டருக்குச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "சொன்னது புரிஞ்சிருக்கு, செய்யவும் தெரியும், செய்ய இஷ்டம் இல்லை. இதுக்கு முழு மார்க்," என்று என்னிடம் சொன்னார். ஆனால் அடுத்ததாகக் கடிகாரம் வரையச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அம்மா வட்டம் ஒழுங்காகப் போட்டாள். எண்கள் எல்லாம் ஒரு பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மறுபக்கம் வெறுமையாக இருந்தது. ஏதோ சரியில்லை என்று அவளுக்கே தெரிந்தது. ரப்பர் இருக்கிறதா என்று தேடினாள்.

எங்கள் ஊரில் டாக்டர்கள் நோயாளியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கூட வந்தவர்களிடம் பேசுவார்கள். இவர் அம்மாவை உட்கார வைத்தே பேசினார். காய்ச்சல் என்றால் எந்தக் காய்ச்சல் என்று பார்ப்பது போலத்தான் இதுவும் என்றார். டிமென்சியா என்கிற மறதி நோயில் அல்சைமர் ஒரு வகை. மூளைக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்கள் அடைத்து வருவது இன்னொரு வகை. இரண்டும் கலந்தும் வரும். இதெல்லாம் இல்லாமல், தைராய்டு கோளாறு, சத்துக் குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை இவைகூட டிமென்சியா வேஷம் கட்டிக்கொண்டு வரும். அவற்றைக் கண்டுபிடித்துவிட்டால் வைத்தியம் உண்டு. எது என்று பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது என்றார்.

"சரி மேடம், இப்ப அம்மாவுக்கு டிமென்சியாவா இல்லையா? அதைச் சொல்லுங்க." எனக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும். ஆமாம் என்றால் அந்தப் பூட்டு இனிமேல் அம்மாவின் ஆயுசுக்கும் அங்கேயே தொங்கும். இல்லை என்றால் இன்றைக்கே கழற்றிக் கிணற்றில் போடுவேன்.

"அதுக்கு இந்தத் தாள் மட்டும் போதாது. அன்றாட வேலைகளை அவங்களாவே செய்ய முடியுதாங்கிறதைப் பார்க்கணும். சமையல் பண்றாங்களா?"

"அடுப்புப் பக்கம் விடுறதில்ல."

"கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவாங்களா?"

"அனுப்புறதில்ல."

"தனியா பஸ்ல போவாங்களா?"

நான் பூட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"விடாம இருக்கிறது வேற, முடியாம போறது வேற," என்றார். "முடியலைன்னா அது டிமென்சியா. மறதி இருந்தும் சமாளிக்கிறாங்கன்னா அது அதுக்கு முந்தின படி. நீங்க பூட்டி வச்சா அவங்க எந்தப் படியில இருக்காங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், காது டாக்டர் என்று எழுதிக் கொடுத்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். திருத்தங்கல் தாண்டியதும் கேட்டாள்.

"நான் பாஸா, பெயிலா?"

"இன்னும் பேப்பர் திருத்தல," என்றேன்.

"அந்தக் கடிகாரம் சரியா வரல. எனக்கே தெரியும்," என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அப்படியெல்லாம் கையைப் பிடிக்கிறவள் இல்லை. நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்க்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தது. ஸ்கேனில் வயதுக்கு உரிய சுருக்கமும் பொடிப்பொடியாகச் சில அடைப்புகளும் இருந்தன. ரத்தத்தில் பி-12 என்கிற சத்து கிட்டத்தட்ட வற்றிப்போயிருந்தது. அம்மா வருடக்கணக்காகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவள். அந்த மாத்திரையால் சிலருக்கு இந்தச் சத்து உடம்பில் சேராமல் போகுமாம். அப்பா போனதிலிருந்து கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை, அதுவும் சேர்ந்துகொண்டது. காது டாக்டர், இடது காதில் பாதிகூடக் கேட்கவில்லை என்றார். வாழ்நாள் முழுவதும் கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவளுக்குக் கேட்டால்தான் அதிசயம். நான் சொன்னதை மறந்துவிட்டாள் என்று நான் நினைத்ததில் பாதி, அவள் காதிலேயே விழாதது.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அப்ப ஊசி போட்டா சரியாயிருமா?" என்று கேட்டான். "கொஞ்சம் சரியாகுமாம், கொஞ்சம் அப்படியே இருக்குமாம். எம்புட்டு எதுன்னு போகப்போகத்தான் தெரியுமாம்," என்றேன். "அதுவரைக்கும் பூட்டு இருக்கட்டும்," என்றான். அவனுக்கு நோய் என்றால் ஒன்று முழுதாக இருக்க வேண்டும், இல்லை முழுதாக இல்லாமல் இருக்க வேண்டும். வத்தலில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று நாள் முழுக்கப் பிரிக்கிறவனுக்கு அம்மா விஷயத்தில் அது பிடிபடவில்லை.

ஊசி போட ஆரம்பித்தோம். காது மெஷின் வாங்கினோம். முதல் வாரம் அம்மா அதைக் கழற்றிக் கழற்றி வைத்தாள். "ஒன் சத்தம் இம்புட்டுன்னு இப்பத்தான் தெரியுது," என்றாள். எதிர்வீட்டு அம்மா கேட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. எப்போது வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பொங்கலுக்கு அப்புறம் ஒருநாள் நான் குளித்துவிட்டு வரும்போது அம்மா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று எதிர்வீட்டு மருமகளின் பிரியாணியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அவள்தான் சைவம் ஆயிற்றே, வாசனையை வைத்தே குறை சொன்னாள். எதிர்வீட்டு அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நான் துண்டோடு அங்கேயே நின்று கேட்டேன். அம்மா பழையபடி இரண்டு மடங்கு பேசுகிறாள் என்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அம்மாவால் தனியாக எது முடியும் என்று பார்க்கிற, டாக்டர் சொன்ன வீட்டுப்பாடம் பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டைத் திறந்து, "கடைக்குப் போய்ட்டு வாம்மா," என்று அனுப்பினேன். கொஞ்ச தூரம் விட்டு நானும் பின்னாலேயே போனேன். இரண்டாவது வாரம் அம்மா கோயில் முக்கில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்துக்குப் பின்னாடியே வாரே? வாரதுன்னா கூட வா. இல்லன்னா வீட்டுல இரு. போலீஸ்காரி மாதிரி."

கூடப் போனேன். பருப்பு வாங்க வந்தவள் பருப்பை மறந்துவிட்டாள். கடைக்காரரிடம், "எதுக்கு வந்தேன்னு மறந்து போச்சுய்யா. போன வாரம் என்ன வாங்கினேன்?" என்று கேட்டாள். அவர் சொன்னார். வாங்கிக்கொண்டாள். மீதிச் சில்லறையைச் சரியாகப் பார்த்து வாங்கினாள். பக்கத்தில் நின்ற எனக்கு, குறுக்கே பேசாமல் நாக்கை மடக்கி வைத்துக்கொள்வதுதான் அன்றைக்கு முழு நேர வேலையாக இருந்தது.

பங்குனியில் மறுபடியும் டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை அண்ணனும் வந்தான். டாக்டர் வருடம் என்ன என்று கேட்டதும் அம்மா, "எந்த வருசத்தைக் கேக்கீக? உங்க வருசமா, எங்க வருசமா?" என்றாள். "என் வருஷம்மா," என்றார் டாக்டர். அம்மா சரியாகச் சொன்னாள். மாதமும் சரி. மூன்று சாமானில் இரண்டு வந்தன. கடிகாரத்தில் எண்கள் சுற்றிலும் பரவி நின்றன, முள்ளைத்தான் தவறான இடத்தில் போட்டாள்.

"இப்ப இதுக்கு டிமென்சியான்னு பேர் வைக்க மாட்டேன்," என்றார் டாக்டர். "சத்துக்குறைவால வந்தது விலகியிருக்கு. மிச்சம் இருக்கிறது லேசான மறதி. இதுலேயே சில பேரு அப்படியே நிப்பாங்க, சில பேருக்கு இன்னும் தேறும், சில பேருக்குக் கூடும். அம்மா எந்தப் பக்கம்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க. அதுவரைக்கும் நடக்கட்டும், நாலு பேர்கிட்ட பேசட்டும், வழி மறந்தா கேக்கட்டும்."

"பூட்டு மேடம்?" என்று அண்ணன் கேட்டான். அவன் குரல் உள்ளே போயிருந்தது.

அம்மா முந்திக்கொண்டாள். "ஏலே, நீ வாங்கின பூட்டு நல்ல பூட்டு. அதை ஒன் மண்டிக்குக் கொண்டுபோயி மாட்டு."

அண்ணன் வெளியே வந்து எங்களுக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான். அவனுக்கும் அம்மாமேல் பாசம் இல்லாமல் இல்லை. பயத்தை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் பூட்டு வாங்கியவன்தானே. பூட்டை மட்டும் அவன் கொண்டுபோகவில்லை. எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டான். நான் அதைச் சாவியோடு அலமாரி மேல் எடுத்து வைத்தேன்.

கேட்டைத் திறந்து போட்ட முதல் வாரம் அம்மா எங்கேயும் போகவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "ஏம்மா, திறந்துதானே இருக்கு, ஒரு நடை போய்ட்டு வாயேன்," என்றேன். "பூட்டி இருந்தப்ப எங்க வேணாலும் போகணும் போல இருந்துச்சு. திறந்ததும் எங்க போறதுன்னு யோசிக்க வேண்டியிருக்குல்ல," என்றாள்.

வைகாசியில் ஒருநாள் பிரஸ்ஸில் கரண்ட் இல்லை. சீக்கிரம் கிளம்பி நாலு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். கிரில் கேட் பூட்டியிருந்தது. அண்ணன் வாங்கிய அதே பூட்டு. வெளியிலிருந்து பூட்டியிருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன். உள்ளே சத்தம் இல்லை. எதிர்வீட்டிலும் ஆள் இல்லை, கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அம்மாவின் போனுக்கு அடித்தேன். அது வீட்டுக்குள்ளேதான் பாடியது. தெருமுனை வரைக்கும் ஓடிப்போய்ப் பார்த்தேன். மெயின் ரோட்டில் லாரி மேல் லாரியாகப் போய்க்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் போய்த் தேடுவது? நான் ஒரு பக்கம் போக, அவள் மறு பக்கம் வந்துவிட்டால்? திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தேன். எல்லாம் என்னால்தான், டாக்டர் பேச்சைக் கேட்டு ஆடினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் பண்ணினான்.

"பாப்பா, சும்மாதான் கூப்பிட்டேன். அம்மா என்ன செய்யுது?"

நான் பூட்டைப் பார்த்தேன். "தூங்குதுண்ணே," என்றேன்.

"சரி, எழுப்பாத. நல்லாத் தூங்கட்டும்," என்று வைத்துவிட்டான்.

வெயில் இறங்கிவிட்டது. எழுந்து போய் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது தெருமுனையில் அம்மா தெரிந்தாள். ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் கொத்தமல்லிக் கட்டு. அவசரமே இல்லாமல், வழியில் ஒரு வீட்டு வாசலில் நின்று ஏதோ விசாரித்துவிட்டு வந்தாள். கொத்தமல்லி வீட்டில் இருந்தது. காலையில்தான் நான் வாங்கி வைத்தேன்.

"என்னத்தா, வாசல்ல உக்காந்திருக்கே? கம்பெனி இல்லையா?"

"எங்கம்மா போனே?" என்று நான் கேட்டது பாதி அழுகையாக வந்தது.

"மார்க்கெட்டுக்கு. திரும்பி வரும்போது ஒரு முக்குல குழம்பிப் போச்சு. எல்லாத் தெருவும் ஒண்ணு போல இருந்துச்சு. செராக்ஸ் கடையில கேட்டேன். சொன்னாக. வந்துட்டேன்."

இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, சாவியைத் தேடி, கேட்டைத் திறந்தாள். நான் இன்னும் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா கூடையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆள் இல்லாத வீட்டைத் திறந்து போட்டுட்டா போக முடியும்? அதான் பூட்டினேன். வா, உள்ள வா. காபி போடுறேன்," என்றாள்.